கெட்ட வார்த்தைப் பட்டியல் வெறுப்பைப் பிடிக்காது

"எடுபட்ட பயலே, எங்கடா போய்த் தொலைஞ்ச?" மதுரைப் பக்கம் நண்பன் போட்டோவுக்குக் கீழே இப்படி விழுந்தால் அது பாசம். "நாடகக் காதல் கோஷ்டி கிளம்பிருச்சு, பொம்பளப் புள்ளைகளப் பத்திரமா வச்சுக்கங்க" என்பதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது; ஆனால் அடி விழுவது ஒரு சமூகத்தின் மேல். பட்டியல் வைத்துத் தேடும் கருவி முன்னதைத் தூக்கிவிட்டு, பின்னதைக் கும்பிட்டு அனுப்பிவைக்கும்.

சரி, உதாரணங்களைக் காட்டி ஏஐ மாடலைப் பழக்கலாம் என்றால் தரவு எங்கே? தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றுக்கும் 2021இல் வெளிவந்த வசைக் கண்டறிதல் தரவு யூடியூப் கமெண்டுகளால் ஆனது. தனிமனிதனைத் தாக்குவதா, குழுவைத் தாக்குவதா என்று லேபிளில் பிரித்தது நல்ல வேலை. ஆனால் அதில் சினிமா டிரெய்லர் கமெண்டுகள்தான் அதிகம். ரசிகர் சண்டையில் பழகிய மாடலுக்குச் சாதிப் பேச்சு பிடிபடாது.

உரையைத் தயார் செய்வதிலும் கவனம் வேண்டும். 'கொ' கண்ணுக்கு ஒன்றுதான். யூனிகோடில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரும், ஒரே குறியாகவும் வரும். என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்கல் முறையில் ஒன்றாக்கிவிட்டுத் தேடுங்கள். எமோஜியை மட்டும் துடைக்காதீர்கள். மாணவர்கள் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்ததே, அந்தக் கயிற்றின் நிறம்தான் இங்கே கலர் இதயமாக வந்து நிற்கிறது. பதிவின் தேதியும் வேண்டும்: இம்மானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11, தேவர் ஜெயந்தியான அக்டோபர் 30ஐ ஒட்டி வரும் 'வீர' வசனம் மற்ற நாளில் வருவதைப் போன்றதல்ல.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஏராளம். அதற்கு, இந்திய மொழிகளுக்காகக் கூகுள் உருவாக்கிய முரில் (MuRIL) மாடலை முதலில் முயலலாம். 17 மொழிகளில், ரோமன் எழுத்துப் பெயர்ப்பையும் சேர்த்தே பழக்கியிருக்கிறார்கள். மதுரையில் சௌராஷ்டிரத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறவர்களும் உண்டு. எழுத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்யும் கருவி அங்கே தடுக்கி விழும்.

லேபிள் போட மூன்று பேராவது வேண்டும், மூவரும் ஒரே தெருக்காரர்களாக இருக்கக் கூடாது. திட்டு வாங்கும் தரப்பு ஆள் ஒருவர் கட்டாயம். லேபிள் போடுபவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்கும் கிரிப்பென்டார்ஃப் ஆல்பா 0.67க்குக் கீழே போனால் ஆளை மாற்றாதீர்கள், வழிகாட்டுக் குறிப்பைத் திருத்துங்கள். இரண்டுக்கு ஒன்று என்று வாக்கெடுத்து அந்த ஒன்றை அழிப்பதும் தப்பு. பல நேரம் அந்த ஒருவருக்குத்தான் வலி தெரிந்திருக்கும்.

95 சதவீதத் துல்லியம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1000 கமெண்டில் 50தான் வெறுப்பு என்றால், எல்லாமே நல்லது என்று சொல்லும் மாடலும் அதே 95 வாங்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் சம மதிப்பு கொடுத்துச் சராசரி எடுக்கும் மேக்ரோ எஃப்1 கேளுங்கள், வெறுப்பு வகுப்பின் ரீகாலை, அதாவது உண்மையான வெறுப்பில் எவ்வளவைப் பிடித்தது என்பதை, தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று. "என்னை இப்படித் திட்டினாங்க" என்று வசையை எடுத்துக் காட்டிப் புகார் எழுதுகிறவரின் பதிவைத்தான் மாடல் முதலில் தூக்கும். அப்படிப்பட்ட பதிவுகளைத் தனியாகச் சேகரித்து, 'வெறுப்பல்ல' என்று லேபிள் போட்டு, பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் சேர்த்தாக வேண்டும். அதுவரை தானாக நீக்கும் வசதியை அணைத்தே வையுங்கள்.