அந்த ஃப்ளெக்ஸில் இருந்த ஒரு சொல்

போன ஐப்பசியில் அப்பா இறந்தபோது ஊர் முக்கில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். யூனிஃபார்மில் இருக்கிற பழைய படம், பின்னால் தேசியக்கொடி, கீழே பெரிய எழுத்தில் ‘குடும்பத்தை மறந்து நாட்டைக் காத்த வீரர்’. வைத்தவர்கள் அப்பா மேல் உயிராக இருந்த பிள்ளைகள். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே கட்டினார்கள். அந்த அன்பை நான் குறை சொல்லவே இல்லை. ஆனால் அந்த ‘மறந்து’ அன்றைக்கே முள்ளாகத் தைத்தது. சாவு வீட்டில் அதையெல்லாம் பேச முடியுமா? பேசவில்லை. இப்போது முதலாமாண்டு நினைவுக்குப் புது ஃப்ளெக்ஸ் அடிக்கப் போகிறார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

அப்பா 1974-ல், 19 வயதில், நீலகிரியில் இருக்கிற வெலிங்டனுக்குப் போய் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர். 1998-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். நடுவில் ராஜஸ்தான், நாகாலாந்து, மூன்று தடவை காஷ்மீர். எங்கள் வீட்டுக்கு ஊரில் இன்றைக்கும் ‘பட்டாளத்தார் வீடு’ என்றுதான் பெயர். அவர் முதல் லீவுக்கு வந்தபோது நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது. திருவனந்தபுரத்தில் இறங்கி, டிரங்குப் பெட்டியோடு பஸ் பிடித்து வந்திருக்கிறார். 1979-ல்தான் இங்கே ரயில் வந்தது. அப்புறம் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ். ஜம்முவில் ஏறினால் நாகர்கோவில் வந்து சேர மூன்று நாளுக்கு மேல் ஆகும், அதுவும் வாரத்துக்கு ஒரு வண்டி. வருடத்துக்கு 60 நாள் லீவு. அதைக் கும்பப்பூ அறுப்பை ஒட்டி, மாசியில் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். வந்த மறுநாள் காலையில் வயலில் நிற்பார்.

அந்த டிரங்குப் பெட்டியை அவர் இறந்த பிறகுதான் முழுதாகத் திறந்து பார்த்தோம். கறுப்புப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் அவருடைய பட்டாள நம்பரும் பெயரும். உள்ளே அம்மா எழுதிய இன்லேண்டு கடிதங்கள், வருடம் வருடமாகச் சணலால் கட்டியவை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு எண். அப்பா அனுப்பியவையும் அப்படித்தான் இருக்கும், அவை அம்மாவின் அலமாரியில் இருக்கின்றன. பனிக்காலத்தில் தபால் அடைபட்டு மூன்று நான்கு கடிதம் ஒன்றாக வரும், முன்னே பின்னே வரும். எது முதலில் எழுதியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. 23 வந்து, 24 வராமல் 25 வந்துவிட்டால் அம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டாள்.

அடியில் ஒரு காக்கி உறை. அதற்குள் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு பாதத்தின் வரைபடம். என் கால், தம்பியின் கால்.

பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் எங்களுக்குப் பட்டாளக் கேன்டீனில் ஷூ வாங்குவதற்காக அப்பா அளவு கேட்டு எழுதுவார். அம்மா தரையில் தாளை விரித்து, எங்களை மேலே நிற்கவைத்து, பென்சிலால் காலைச் சுற்றி வரைவாள். பென்சில் உள்ளங்காலில் இடித்தால் கூசும், தம்பி துள்ளுவான். “அசையாதல மக்களே, அப்பா கேட்டிருக்காவ” என்பாள். அந்தத் தாளை மடித்துக் கடிதத்தோடு உறையில் வைத்து அனுப்புவாள். உறையில் இருந்த ஒவ்வொரு தாளிலும் அப்பா கையால் தேதி போட்டிருக்கிறார். பெருவிரலுக்கு மேலே சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு. லீவில் வரும்வரை கால் வளரும் என்று ஒரு விரற்கடை கூட்டிப் போட்ட கோடு. 1986-லிருந்து 1995 வரை, ஒன்றுகூடத் தூக்கிப்போடாமல் பெட்டியோடு ஊர் ஊராகக் கொண்டு போயிருக்கிறார். இந்த மனிதரைப் பற்றித்தான் ‘மறந்து’ என்று எழுதினோம்.

மாதா மாதம் மணியார்டர் வரும். அதன் கீழ்த்துண்டில் எழுதத் துளி இடம்தான் இருக்கும். ‘அம்மாவுக்கு மருந்துக்கு 50. வடக்குப்புறத் தென்னைக்கு உப்பும் சாம்பலும் போடவும்’ என்று அதிலும் எழுதியிருப்பார். பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் எப்போது திறப்பார்கள் என்பது அங்கே பங்கரில் இருந்த அவருக்கும் தெரியும்.

நாட்டுப்பற்று இல்லையா என்றால், அது அவர் ரத்தத்தில் இருந்தது. ஒரு லீவில் எங்களைக் குளச்சலுக்குக் கூட்டிப்போய் வெற்றித்தூணைக் காட்டினார். 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னாளில் அதே ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, நம் உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகிக் கிடக்கிறார். “எங்க ரெஜிமென்ட்ல ஒம்பதாவது பட்டாலியன் அந்தத் திருவிதாங்கூர் படையில இருந்து வந்ததாக்கும் மக்களே” என்று சொன்னபோது அவர் நின்ற நிற்பை நான் மறக்கமாட்டேன். தூணைப் பார்த்து விறைத்து நின்றார், கையில் எங்களுக்கு வாங்கிய கடலைப் பொட்டலம் இருந்தது.

வெளியே வந்தபோது அவருக்கு 43 வயது. நான் பிளஸ் டூ, தம்பி ஒன்பதாம் வகுப்பு. மற்ற உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்குச் சம்பளம் ஏறுகிற வயதில் பட்டாளத்தாருக்குப் பென்ஷன் தொடங்கிவிடுகிறது. இதை வெளியில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அப்பா நாகர்கோவிலில் ஒரு வங்கியில் காவலாளியாகச் சேர்ந்து, இரட்டைக்குழல் துப்பாக்கியோடு 14 வருடம் வாசலில் நின்றார். என் நர்சிங் படிப்பும் தம்பியின் பாலிடெக்னிக்கும் அந்த வாசலில் நின்று சம்பாதித்தவை.

அதே ஆள்தான் விடியற்காலை ஊர் மைதானத்தில் ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பழகுகிற பையன்களுக்கு நேரம் பார்த்துச் சொல்வார். 2022-ல் அக்னிபத் வந்தது. 4 வருட வேலை, அப்புறம் 25 சதவீதம் பேர் வரைதான் தொடரலாம் என்றதும் அவருக்குப் பெரிய மனத்தாங்கல். பையன்களிடம் அதைக் காட்டவில்லை, வீட்டில் சொன்னார். வெலிங்டனில் அவர் சேர்ந்தபோது 19 வயது. ஒரு வயலை மீட்டு, தங்கையைக் கட்டிக்கொடுத்து, வீட்டுக்கு ஓடு போட்டு, அப்புறம் கல்யாணம் பண்ணிக்கொள்ள அவருக்கு ஆறு வருடம் பிடித்தது. 4 வருடத்தில் இதில் எதை முடிக்க முடியும் என்று கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி சரியாகத்தான் படுகிறது. நீண்ட காலம் வேலையில் இருக்கலாம் என்ற உறுதி இருந்ததால்தான் அவரால் அங்கேயும் இங்கேயும் முழுசாக இருக்க முடிந்தது.

நேற்று ஃப்ளெக்ஸ் கடைப் பையனுக்கு போன் போட்டு, அந்த வரி வேண்டாம் என்றேன். “அப்ப என்ன வரி அக்கா போடணும்?” என்று கேட்டான். எனக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. திண்ணையில் மரச்சீனி தோலெடுத்துக்கொண்டிருந்த அம்மா, “பேரும் நம்பரும் போட்டா போதும்” என்றாள். அவன் நம்பர் கேட்டான். போனைத் திண்ணையில் வைத்துவிட்டு, டிஸ்சார்ஜ் புக்கை எடுக்க உள்ளே போனேன். எடுத்துக்கொண்டு வருவதற்குள் அம்மா நம்பர் முழுவதையும், கடைசி ஆங்கில எழுத்து வரை, சொல்லி முடித்திருந்தாள். யூனிட் பெயரையும், 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் முகவரியையும் சேர்த்து.