ஷூலெஸ் ஜோவும் அந்த 5,000 டாலரும்

நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க பேஸ்பால் வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் பேச்சை எடுத்தாலே, "பாவம், எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், ஏமாத்திட்டாங்க" என்று ஒரு கூட்டம் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடும். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்தப் 'பாவம்' மட்டும் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

முதலில் ஆட்டம். பேஸ்பாலில் பத்து முறை மட்டை பிடித்து மூன்று ஹிட் (பந்தை அடித்துவிட்டு முதல் பேஸையாவது எட்டுவது) அடித்தாலே அவன் நட்சத்திரம். முழு சீசன் ஆடிய முதல் வருடம், 1911-ல், கிளீவ்லாந்து அணிக்காக ஜாக்சனின் சராசரி 0.408. பத்துக்கு நான்கு! கொடுமையைப் பாருங்கள், அதே வருடம் டெட்ராய்ட்டின் டை காப் 0.420 அடித்துத் தொலைத்தார். அதிக சராசரிக்கான பேட்டிங் பட்டம் அவருக்குப் போனது. கடைசிவரை ஜாக்சனுக்கு ஒரு பேட்டிங் பட்டம்கூட வாய்க்கவில்லை.

தென் கரோலினா கிரீன்வில்லில் பஞ்சாலைக் கூலி வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடம் போகிற வயதில் மில் வேலை, பிறகு மில் டீமில் ஆட்டம். புது ஷூ கடித்துக் காலெல்லாம் கொப்புளம். கழற்றிப் போட்டுவிட்டு வெறும் சாக்ஸோடு ஆடினார். 'ஷூலெஸ்', அதாவது ஷூ இல்லாதவன் என்ற பட்டப்பெயர் சாகும்வரை ஒட்டிக்கொண்டது. மட்டைக்குப் பெயர் பிளாக் பெட்சி. ஹிக்கரி மரம், புகையிலைச் சாறு பூசிப் பூசிக் கறுத்தது. அவர் மட்டை வீசுவதைப் பார்த்துத்தான் தன் பாணியை அமைத்துக்கொண்டதாக பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத்தே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் 1919. சின்சினாட்டி அணியிடம் வேண்டுமென்றே தோற்க, ஜாக்சன் அப்போது ஆடிக்கொண்டிருந்த சிகாகோ வைட் சாக்ஸ் அணி ஆட்கள் சூதாடிகளிடம் காசு வாங்கிய உலகத் தொடர், அதாவது அந்த வருட சாம்பியன் யாரென்று முடிவாகும் தொடர். அதில் ஜாக்சன் 12 ஹிட், சராசரி 0.375, தொடரின் ஒரே ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி). "தோற்க நினைத்தவன் இப்படியா அடிப்பான்?" என்பார்கள். சரி, சக ஆட்டக்காரர் லெஃப்டி வில்லியம்ஸ் கொண்டுவந்து கொடுத்த 5,000 டாலர்? பேச்சு 20,000, கைக்கு வந்தது 5,000 என்று 1920-ல் கிராண்ட் ஜூரியிடம் (வழக்குப் போடலாமா என்று விசாரிக்கும் குழு) அவரே சொன்னார். எழுத்துதான் தெரியாது, கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

படிப்பில்லாதது அவரைக் கவிழ்த்த இடம் வேறு. சொல்லப்போகும் வாக்குமூலத்தை வைத்துத் தன்மேலேயே வழக்குப் போடலாம் என்று சம்மதிக்கும் தாளை அணி முதலாளியின் வக்கீல் நீட்ட, கையெழுத்துப் போட்டுவிட்டார். அங்கே 'பாவம்' சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

1921 ஆகஸ்டில் ஜூரி விடுவித்தது. மறுநாளே பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ் ஆயுள் தடை போட்டார். கடைசியாக ஆடிய 1920 சீசனில்கூட சராசரி 0.382. பிற்காலத்தில் சொந்த ஊரில் சாராயக்கடை வைத்துப் பிழைத்து, 1951-ல் இறந்தார்.

2025 மே மாதம்தான் தடைப்பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்பதே என் கட்சி; பக்கத்திலேயே அந்த 5,000 டாலரையும் எழுதி வைக்கட்டும்.

வீட்டில் மனைவி கேட்டிதான் அவருக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாராம். அவரே கஷ்டப்பட்டுக் கிறுக்கிய 1911-ஆம் வருடத்துப் புகைப்படம் ஒன்று, 2021 ஏலத்தில் 14.7 லட்சம் டாலருக்குப் போனது.