சார்பு, செயற்கூறு, பணி, விசேசம்

ஈரோட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் சென்ற வாரம் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து, எந்த எண்ணைக் கொடுத்தாலும் 5 என்றே விடை தருகிற மாறிலிச் சார்பைக் காட்டி, "இது எதைச் சார்ந்து இருக்குதுங்க மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எதையும் சாராத ஒன்றுக்குச் சார்பு என்று பெயர்.

ஆங்கிலத்தில் 'ஃபங்ஷன்' என்ற ஒற்றைச் சொல் பார்க்கும் வேலையை நாம் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறோம். கணக்கில் அது சார்பு, கணினிப் பாடத்தில் செயற்கூறு, உயிரியலில் பணி, வீட்டில் காதுகுத்து வைத்தால் விசேசம். கணிதவியலர் லைப்னிட்ஸ் 1673-இல் 'ஃபங்ஷன்' என்ற சொல்லை வளைவரைகளோடு தொடர்புடைய கோடுகளுக்குப் பயன்படுத்தினார். ஆய்லர் என்ற கணிதவியலர் 1748-இல் அதை மாறியும் மாறிலிகளும் சேர்ந்த கோவை என்றார். ஒன்று மாற மற்றொன்றும் மாறும் என்ற அந்தக் காலத்து எண்ணத்தைத்தான் நம் 'சார்பு' இன்னும் சுமந்து நிற்கிறது. 1837-இல் கணிதவியலர் டிரிஷ்லே, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு மதிப்பு இணைந்திருந்தால் போதும், எல்லாவற்றையும் ஒரே விதி ஆள வேண்டியதில்லை என்று கட்டை அவிழ்த்துவிட்ட பிறகு, 5 மட்டுமே சொல்லும் பிடிவாதக்காரச் சார்புக்கும் இடம் உறுதியானது. செயற்கூறோ வேறு இனம்: மணி என்ன என்று சொல்லும் செயற்கூறு ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும். தனிப் பெயர் வைத்தவர்கள் நல்ல காரியம் செய்தார்கள்.

சிக்கல் 'பணி'யில்தான் இருக்கிறது, ஏனெனில் அங்கேதான் 'எதற்காக' என்ற கேள்வி உள்ளே நுழைகிறது. கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டத்தில், கிணற்று மோட்டார் ஓடும்போது அவர் திண்ணையில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். சத்தம் சற்றே கரகரத்தால், "காத்து இழுக்குது, போயி நிறுத்து" என்பார். தண்ணீர், உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபுட்வால்வுக்குக் கீழே இறங்கியதை அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. அப்படியானால் சத்தம் போடுவதும் மோட்டாரின் பணியா? தத்துவவியலர் லேரி ரைட் 1973-இல் எழுதியபடி, ஒரு பொருள் அங்கே இருப்பதற்கு அதன் எந்த விளைவு காரணமோ அதுவே அதன் பணி. தண்ணீர் இறைப்பதற்காக மோட்டார் வைத்தோம், சத்தத்துக்காக அல்ல. இதயத்தின் துடிப்போசை மருத்துவருக்குப் பயன்பட்டாலும் அது இதயத்தின் பணி ஆகாததும் இதனால்தான். ஆனால் 1975-இல் இன்னொரு தத்துவவியலர் ராபர்ட் கம்மின்ஸ், ஒரு பகுதி தன்னைக் கொண்ட அமைப்பின் திறனுக்கு என்ன பங்களிக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்றார். அப்புச்சியையும் திண்ணையையும் அமைப்புக்குள் சேர்த்துக் கோடு போட்டால், சத்தத்துக்கும் ஒரு பணி வந்துவிடுகிறது! எனக்கு இரண்டும் சரியாகவே படுகின்றன. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதை மறைக்காத வரையில்.

சமூகத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அதை மறைத்துவிடுகிறோம். 1949-இல் சமூகவியலர் ராபர்ட் மெர்ட்டன் வெளிப்படைப் பணி, உள்ளுறைப் பணி என்று பிரித்தார். நம் மொய் அதற்கு அழகான சான்று: வெளிப்படையாக அது மணமக்களுக்கான வாழ்த்து, உள்ளே வட்டியில்லாத கைமாற்று. எங்கள் வீட்டுப் பழைய மொய் நோட்டைப் புரட்டி, 'அவுங்க நமக்கு எவ்வளவு வெச்சாங்க' என்று பார்க்காமல் நாங்கள் எந்தக் கல்யாணத்துக்கும் கிளம்பியதில்லை. ஆனால் ஒரு வழக்கத்தால் பயன் இருக்கிறது என்பதிலிருந்து, அந்தப் பயனுக்காகவே அது இருக்கிறது, ஆகவே அதை விடக்கூடாது என்று தாவுவது மோட்டார் சத்தத்தில் செய்த அதே குழப்பம். யாருக்குப் பயன், யாருக்குக் கேடு என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்பதை மெர்ட்டனே வலியுறுத்தியிருக்கிறார்.

போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில், படித்த பெரியவர் ஒருவர், "சாதின்னு இருந்ததுனாலதானுங்க அவுங்கவுங்க வேலைய அவுங்கவுங்க பார்த்தாங்க, ஊரும் ஒழுங்கா ஓடுச்சு" என்றார். டீக்கடைக்கு வெளியே தனிக் குவளையில் வாங்கிக் குடித்தவரையும் அந்த ஊர்க் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டேன். இலையை மடித்து எழுந்து, கை கழுவிவிட்டு, மொய் எழுதும் வரிசையில் போய் நின்றுகொண்டார்.