'இது வேண்டாம்' என்று சொல்ல ஆள் இருந்ததா?

பிரபலங்களின் தன்வரலாறு ஒன்று புதிதாகக் கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது நன்றியுரையைத்தான். புத்தகத்தை உண்மையில் எழுதிக்கொடுத்தவர் யார் என்பது பெரும்பாலும் அங்கேதான், முகவருக்கும் வழக்கறிஞருக்கும் வளர்ப்பு நாய்க்கும் நடுவில், ஒரே ஒரு வரியில் ஒளிந்திருக்கும். அந்த வரியைக் கண்டுபிடித்து, 'பார்த்தீர்களா, இவர் எழுதவே இல்லை' என்று பதிவு போடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறுவயதிலிருந்து டென்னிஸ் மட்டையோடு வளர்ந்த ஒருவருக்கு அத்தியாயம் கட்டத் தெரியாமல் போவது குற்றமில்லை. நான் அறிய விரும்புவது வேறு: எழுதும்போது பக்கத்தில் இருந்து, 'இது வேண்டாம்' என்று சொல்லும் துணிவுள்ள ஒருவர் இருந்தாரா?

இளவரசர் ஹாரியின் 'ஸ்பேர்' 2023 ஜனவரி 10 அன்று வெளியாகி, முதல் நாளிலேயே அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 14 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எழுதிக்கொடுத்தவர் புலிட்சர் பரிசு பெற்ற பத்திரிகையாளர் ஜே.ஆர். மோரிங்கர். டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் தன்வரலாறான 'ஓப்பன்' நூலுக்குப் பின்னால் இருந்தவரும் இவரே. அட்டையில் உங்கள் பெயரும் வரட்டும் என்று அகாசி பலமுறை கேட்டும் மறுத்துவிட்டவர். 'ஸ்பேர்' வந்து சில மாதங்களுக்குப் பின் நியூயார்க்கர் இதழில் அவர் எழுதிய கட்டுரை, என்னைப் பொறுத்தவரை, அந்த நூலைவிடச் சுவையானது. அதில் அவர் சொல்லும் சம்பவம் இது: இராணுவப் பயிற்சி ஒன்றில் ஹாரியைப் போலித் தீவிரவாதிகள் பிடித்துச் சென்று, முகத்தை மூடி, பட்டினி போட்டு வதைக்கிறார்கள். இறுதியில் ஒருவன் அவருடைய தாய் டயானாவைப் பற்றி மிகக் கீழ்த்தரமாக ஏதோ சொல்கிறான். அதற்குத் தான் கொடுத்த பதிலடியோடு அந்தக் காட்சி முடிய வேண்டும் என்பது ஹாரியின் விருப்பம். முடியக் கூடாது என்று மோரிங்கர் அந்தப் பதிலை நீக்கிவிட்டார். இதற்காக நள்ளிரவில் ஜூம் திரையில் இருவருக்கும் குரல் உயர்ந்திருக்கிறது. தன் அறிவை வாழ்நாள் முழுவதும் எல்லோரும் மட்டம் தட்டினார்கள், அத்தனை வதைக்கு நடுவிலும் தன் புத்தி தெளிவாக இருந்தது என்பதற்கு அந்தப் பதில்தான் சான்று என்பது ஹாரியின் வாதம். இவர் அசையவில்லை. தன்வரலாறு என்பது உங்களைப் பற்றியதே அல்ல, உங்கள் வாழ்விலிருந்து செதுக்கி எடுக்கும் ஒரு கதை என்று விளக்கியிருக்கிறார். இறுதியில் ஹாரி இணங்கினார். அவமானம் பதிலின்றி நிற்பதுதான் அந்தப் பக்கத்தின் பலம்.

அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்தும், ஆப்கானிஸ்தானில் தான் கொன்றவர்கள் 25 பேர் என்ற எண்ணிக்கையும் அவர்களைச் சதுரங்கக் காய்களாகக் கண்டேன் என்ற ஒப்பீடும் அச்சேறி, முன்னாள் படையினரிடமே கண்டனம் பெற்றன. ஆக, ஒருவர் இருந்தால் மட்டும் போதாதுதான்.

இல்லாமலே போனால் என்ன ஆகும் என்பதற்கு 'ஃப்ரெண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் நடிகர் மாத்யூ பெர்ரியைச் சொல்லலாம். 2022இல் வந்த அவருடைய நூலை அவரே எழுதினார். போதைப் பழக்கத்தைப் பற்றி அவ்வளவு நேர்மையாக எழுதியவர்கள் குறைவு. அதே நூலில், நல்ல நடிகர்கள் எல்லாம் இறந்துபோக கியானு ரீவ்ஸ் மட்டும் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறாரே என்று காரணமே இல்லாமல் ஒரு வரி. வெளியாகும் முன்பே மன்னிப்புக் கேட்டார், அடுத்த பதிப்புகளிலிருந்து நீக்கியதாகவும் பிறகு அறிவித்தார். பென்சிலோடு படித்த ஒரே ஒரு ஆள் தடுத்திருக்கக்கூடிய வரி அது.

தன்வரலாறுக்கு மட்டும் உரிய நோய் அல்ல இது. அமெரிக்க எழுத்தாளர் நவோமி வுல்ஃப் 2019இல் எழுதிய 'அவுட்ரேஜஸ்' முனைவர் பட்ட ஆய்விலிருந்து பிறந்த நூல். பழைய இலண்டன் நீதிமன்றப் பதிவேடுகளில் 'மரணம் பதியப்பட்டது' என்ற தொடரைக் கண்டு, அங்கே தண்டிக்கப்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டதாக அவர் முடிவுசெய்துவிட்டார். மரண தண்டனையை ஏட்டில் மட்டும் எழுதி, நிறைவேற்றாமல் விடுவதற்கான சொல் அது என்பதை பிபிசி வானொலியில் பேட்டி கண்டவர்தான் அவருக்கே எடுத்துச்சொன்னார். அமெரிக்காவில் வெளியிடவிருந்த பதிப்பகம் நூலைக் கைவிட்டது. கேட்கும்போது நமக்கே கூச்சமாக இருக்கும் அந்த ஒலிப்பதிவு.

புனைவல்லாத நூல் என்றால் பதிப்பகம் வரிக்கு வரி சரிபார்த்திருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பொதுவாக அப்படி நடப்பதில்லை. எழுதியதெல்லாம் உண்மை என்று எழுத்தாளரே ஒப்பந்தத்தில் உறுதி தருகிறார். சரிபார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தம் காசில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். பதிப்பகத்தின் வழக்கறிஞர் படிப்பது உண்டு, ஆனால் அவர் தேடுவது அவதூறு வழக்கை, பொய்யை அல்ல. கோடிக்கணக்கில் முன்பணம் கொடுத்து வாங்கிய பிரபலத்திடம் பதிப்பாசிரியர் எவ்வளவு தூரம் மறுத்துப் பேசுவார் என்பது நீங்களே ஊகிக்கக்கூடியது.

இத்தனையும் சொன்ன பிறகு, பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் என் வாதத்தைக் குழப்பிவிடுகிறார். 2008 முதல் 2021 வரை, 13 ஆண்டுகள், நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர்களின் பிடியில், நீதிமன்ற ஆணையின் பெயரால் 'வேண்டாம்' என்பதை மட்டுமே கேட்டு வாழ்ந்தவர் அவர். 2023இல் வந்த அவருடைய 'தி உமன் இன் மீ' நூலைப் படித்தபோது பல இடங்களில் திருத்தக் கை பரபரத்தது. இவரிடம் போய் இன்னொருவர் வெட்டு, குறை என்று சொல்வதா என்று அந்தக் கை அடங்கியும் போனது. ஒலிநூலில் அறிமுகத்தை மட்டும் அவரே வாசித்தார். எல்லாவற்றையும் மறுபடி வாழ்ந்து பார்ப்பது நெஞ்சைப் பிழிவதாக இருக்கிறது என்று கூறி, மீதியை நடிகை மிஷெல் வில்லியம்ஸிடம் ஒப்படைத்துவிட்டார். இந்த முறை வேண்டாம் என்று சொன்னவர் அவரே.