முள் சீத்தாவும் சுடுகாட்டு மல்லியும்

மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் என் அத்தைக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று பயாப்சி முடிவு வந்த வாரமே வாட்ஸ்அப்பில் ஒன்று வந்து சேர்ந்தது: முள் சீத்தா, கீமோவைவிட 10,000 மடங்கு வலுவானதாம். கொல்லையிலேயே மரம் நிற்கிறது. "காசா பணமா, குடிச்சுப் பாக்குறேன் தம்பி" என்றார். நாலு மாதம் இலைக் கஷாயம். கட்டி வளர்ந்துதான் போனது.

அந்த 10,000 சும்மா முளைத்த எண் இல்லை. 1996இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் முள் சீத்தாவிலிருந்து பிரித்த ஒரு பொருள், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த குடல் புற்றுநோய்ச் செல்களிடம் அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட அத்தனை மடங்கு வீரியம் காட்டியது. அதுவும் விதையிலிருந்து எடுத்தது. பழமும் இல்லை, இலையும் இல்லை. தட்டில் கிடக்கும் செல்லைப் பினாயில்கூடக் கொல்லும். குடல், கல்லீரல் எல்லாம் தாண்டிக் கட்டிவரை எவ்வளவு போய்ச் சேரும், நல்ல செல்லை விட்டுவைக்குமா என்பதுதான் கேள்வி. இதிலுள்ள அசிட்டோஜெனின்கள் என்ற வேதிப்பொருள்கள் செல்லின் சக்தி உற்பத்தியையே நிறுத்துபவை. குவாதலூப் தீவில் இந்தப் பழமும் இலைத் தேநீரும் அதிகம் எடுத்தவர்களிடம் பார்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு காணப்படுவதாக 1999இலேயே மருத்துவர்கள் எழுதினார்கள்.

பழத்தை நான் குறை சொல்லவில்லை. கொய்யா, பப்பாளி, நாவல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். சாப்பாடாக.

செடியிலிருந்து மருந்தே வராது என்றும் சொல்லவில்லை. காவிரிக்கரைச் சுடுகாடுகளில் தானாகப் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, நம் ஊரில் சுடுகாட்டு மல்லி, அதன் இலையைச் சர்க்கரை நோய்க்கு என்று ஜமைக்காவில் குடித்தார்கள். 1950களில் கனடாவில் சோதித்தபோது எலிக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வழியில் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதே செடியின் வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அதைத்தான் ஏற்றுகிறார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வீட்டில் கஷாயம் வைத்தால் விஷம்தான் மிஞ்சும். இதை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை!

சரி, அத்தைக்கு ஐந்தாவது கீமோ முடிந்திருக்கிறது. கொல்லையில் பழத்தை அணில் தின்கிறது. மரத்தை வெட்டிவிடலாம் என்று மாமா நிற்கிறார், அத்தை விடவில்லை.

"அது என்னங்க பண்ணுச்சு, பாவம்?"