நோயாளி வரவில்லை என்றால் நோயே வரவில்லையா?

மூன்று நாளாக முகநூலைத் திறந்தாலே அந்தப் பதிவுதான். லிங்க் தர மாட்டேன், உங்களுக்கே தெரியும். "2020 ஊரடங்கில் ஆஸ்பத்திரியெல்லாம் காலி. எவனுக்காவது வயித்துல கேன்சர் வந்துச்சா? எல்லாம் வியாபாரம்." கீழே வரிசையாக 'தரமான செருப்படி' என்று கமெண்ட். நான் மதிக்கிற நாலு பேரும் அதில் இருக்கிறார்கள்.

சரி, வரவில்லைதான். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நோய் வரவில்லை என்று யார் சொன்னது?

இந்தியாவில் 41 புற்றுநோய் மையங்களின் கணக்கு 2021-இல் லான்செட் ஆன்காலஜி என்ற புற்றுநோய் மருத்துவ இதழில் வந்தது. 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவானவர்கள் 1,12,270 பேர். மறுவருடம் அதே மூன்று மாதத்தில் 51,760. மீதி அறுபதாயிரம் பேருக்கு வீட்டில் கஷாயம் குடித்தே சரியாகிவிட்டது போல. நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கலாம்.

அதிலும் வயிறு, குடல் சமாச்சாரம் தனி. மார்பில் கட்டி என்றால் கைக்காவது தட்டுப்படும். குடலுக்குள் இருப்பதைக் குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்தக் குழாயைத்தான் முதலில் நிறுத்தினார்கள். தொண்டை வழியாக விடும்போது நோயாளி இருமுவார், கிருமி அறை முழுக்கப் பரவும், அதனால் அவசரமில்லாததைத் தள்ளிவையுங்கள் என்றார்கள். பிரிட்டனில் அந்த ஏப்ரல் வாக்கில் எண்டோஸ்கோபி, அதாவது இந்தக் குழாய்ப் பரிசோதனை, வழக்கமான அளவில் 5 சதவீதத்துக்கு விழுந்தது. குடல் புற்றுநோய் அடைத்துக்கொள்ளும் வரை 'அவசரம்' என்று யாருக்கும் தெரிவதில்லை. அடைத்த பிறகு தெரிந்து என்ன பயன்?

நம் நாட்டில் இது இன்னும் மோசம். அரசுத் திட்டத்தில் முன்கூட்டியே சோதிப்பது வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும்தான். குடலுக்குக் கிடையாது. ஆள் தானாக எழுந்து போனால்தான் உண்டு. ஆளை வீட்டிலேயே இரு என்றால்?

அறந்தாங்கியில் என் அத்தை அந்த ஏப்ரலில் பச்சரிசி தின்ன ஆரம்பித்தார். டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு நாள் முழுக்க மெல்லுவார். வீடியோ காலில் பார்த்துச் சிரித்தோம். "ரேஷன் அரிசி காலியாகிடும் அத்தை" என்று கிண்டல் செய்தவன் நான்தான். இரும்புச்சத்து கரைந்துபோனால் அரிசி, மண், சாம்பல் மேல் ஆசை வரும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அறுபது வயதுக்கு மேல் ரத்தம் குறைந்தால் குடலில் எங்கோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் தெரியாது. வலது பக்கக் குடலில் கட்டி இருந்தால் ரத்தம் கண்ணுக்கே தெரியாமல் போகுமாம்.

ஜூனில் போனிலேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நேரில் போயிருந்தால் கீழ் இமையை இழுத்து, ரத்தமில்லாமல் வெளுத்திருக்கிறதா என்று பார்த்திருப்பார். போனில் எந்த இமையை இழுப்பது? இரும்பு மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும் என்றார். போனது. மாத்திரையால்தான் என்று நிம்மதியாக இருந்தோம். உள்ளே ரத்தம் கசிந்தாலும் அப்படிப் போகலாம் என்று தெரியாது.

செப்டம்பரில் இ-பாஸ் தொல்லை ஒழிந்த பிறகு தஞ்சாவூர் கூட்டிப்போனார்கள். ஹீமோகுளோபின் 5.8. இரண்டு பாட்டில் ரத்தம், கொரோனா டெஸ்ட், அப்புறம்தான் பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோபி. குடலில் கேன்சர், அதற்குள் கல்லீரலுக்குப் போயிருந்தது.

"அப்போ ஊரடங்கே தப்பு என்கிறாயா?" என்று ஒருத்தர் கிளம்புவார். இல்லை ஐயா. குழாய் பிடித்த டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் உயிர் இருந்தது. தள்ளிவைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. தள்ளிவைத்ததற்கு ஒரு விலை இருந்தது, அதை யாரோ கொடுத்தார்கள் என்கிறேன். கொடுத்தவர்களைப் பார்த்து 'உங்களுக்கு ஒன்றுமே வரலையே' என்று சிரிக்காதீர்கள் என்கிறேன்.

"தனியார் ஆஸ்பத்திரி கொள்ளையடிக்கலையா?" அடிக்கிறது. தேவையில்லாத ஸ்கேன் எழுதுகிறார்கள், நானே கட்டியிருக்கிறேன். அதைத் தனியாக எழுதுங்கள், முதல் லைக் என்னுடையது.

"மூணு மாசத்துல கேன்சர் அப்படி என்ன வளர்ந்துடும்?" இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அத்தைக்கு மூன்று மாதம் இல்லை, ஐந்து மாதம். எந்த மாதம் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. தினமும் அதைத்தான் யோசிக்கிறேன்.

2021 மே மாதம் போனார். இருபது பேர்கூட வரவில்லை. அதுவும் கொரோனாதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சர்ட்டிபிகேட்டில் குடல் புற்றுநோய் என்றிருந்தது.

நேற்று ராத்திரி மச்சானும் அந்தப் பதிவைப் பகிர்ந்திருக்கிறான். அத்தை பெற்ற பிள்ளை. உனக்குமா மறந்துபோச்சு என்று கேட்கப் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். அந்த ஏப்ரலில் அத்தை, "படியேறினா மூச்சு வாங்குது தம்பி, பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வரட்டா?" என்று கேட்டபோது ஸ்பீக்கரில் அவனும் இருந்தான். இப்போ அந்தப் பக்கமே போகாதீங்க என்று நான் சொன்னது அவனுக்கு மறந்திருக்காது.