கடைசித் துண்டு தொலையவில்லை, உள்ளேயே இருக்கிறது

அண்ணாச்சி, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் பேஸ்64 வடிகட்டியை (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றுவது) நினைவக பயோவோடு (பயோ என்பது தரவை வாங்கிக் கொடுக்கும் பொருள்; இது நினைவகத்தில் சேர்த்து வைக்கும்) சங்கிலியாகக் கோத்து எழுதினால் கடைசித் துண்டு காணாமல் போகிறது, அது நூலகத்தின் பிழை, முடிவில் இடத்தை நிரப்ப வரும் சமக்குறியை (=) நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறீர்கள். வெளியீடு குறைவது உண்மைதான். ஆனால் அது பிழை இல்லை.

நம்ம ஜங்ஷனில் பாளை மார்க்கெட்டுக்கு நிற்கும் ஷேர் ஆட்டோவைப் பாருங்கள், ஆள் நிறையாமல் கிளம்பாது. இந்த வடிகட்டியும் அப்படித்தான். இயல்பு அமைப்பில் 48 பைட்டு சேர்ந்தால்தான் ஒரு வரியாக்கி அடுத்த பயோவுக்குத் தள்ளும். மிச்சம் உள்ளேயே காத்திருக்கும். இனி தரவு வராது என்று அதற்குச் சொல்வது பயோ_ஃப்ளஷ் என்ற செயற்கூறு. அதை அழைக்காமல் சங்கிலியை விடுவித்தால் மிச்சமும் கூடவே போய்விடும். கையால் ஒட்டும் சமக்குறி அந்தப் பைட்டுகளைத் திருப்பித் தராது. (நானும் ஒரு சாயங்காலம் முழுக்க இதில் மண்டையை உடைத்திருக்கிறேன்.)

சோதிப்பது எளிது. பயோ_புஷ் மூலம் வடிகட்டியை முன்னால், நினைவக பயோவைப் பின்னால் வைத்து, 4 பைட்டு மட்டும் எழுதுங்கள். நினைவக பயோவிடம் பயோ_பெண்டிங் (எத்தனை பைட்டு வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்வது) கேட்டால் 0 வரும். சரி, இப்போது சங்கிலியின் தலையில் பயோ_ஃப்ளஷ் அழைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். 9 வரும்: 8 எழுத்து, அப்புறம் ஒரு வரிமுறிவு. சமக்குறிகள் அந்த எட்டுக்குள்ளேயே இருக்கும். பேஸ்64 வடிகட்டியின் கையேட்டுப் பக்கத்திலும், கடைசிக் கட்டத்தை வெளியே தள்ள ஃப்ளஷ் வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்கள்.